தினசரி மாட்சா: எல்லாரும் கேக்குற கேள்விங்களும் பதிலும்

ஜப்பான்ல இருந்து ஊருக்கு வர்றேன்னு சொன்னா போதும், இப்பல்லாம் எல்லாரும் சொல்லி விடறது மாட்சாங்கிற பச்சை டீ பொடி டப்பா தான். டப்பா கைக்கு போன மறுநாள்ல இருந்து கேள்வி வர ஆரம்பிக்கும், கசக்குது, கட்டி கட்டியா இருக்கு, ப்ரஷ் மாதிரி ஒண்ணு வாங்கணுமாமே, இப்படி. ஆளுக்கு ஒரு வாட்டி தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். கேள்விய நீங்க கேட்ட மாதிரியே தான் போட்டிருக்கேன். வீட்ல தினமும் குடிக்கிறதுக்கு தான் இது, டீ செரிமனி, அதாவது முறைப்படி டீ கலக்கி பரிமாறற ஜப்பான் சடங்கு, கத்துக்கறவங்களுக்கு இது பத்தாது.

மாட்சான்னா க்ரீன் டீய அரைச்ச பொடி தானே? டீ பேக்க பிச்சு மிக்ஸில போட்டா வராதா?

வராதுங்க. ரெண்டும் ஒரே செடி தான், ஆனா வழி ஆரம்பத்துலயே பிரிஞ்சிடுது. ஜப்பான்ல சாதாரணமா குடிக்கிற சென்ச்சாவுக்கு இலைய ஆவில வேக வெச்சு உருட்டி காய வெப்பாங்க. மாட்சாவுக்கு போற இலை பறிக்கிறதுக்கு முன்னாடி மூணு வாரம் போல நிழல்லயே வளரும், ஆவி காட்டுன அப்புறம் உருட்டாம அப்படியே தட்டையா காய வெச்சு, காம்பு நரம்பெல்லாம் நீக்கிட்டு வெறும் இலைய மட்டும் எடுத்துப்பாங்க. அதுக்கு பேரு டெஞ்சா. டெஞ்சாவ அரைச்சா தான் மாட்சா. கல் எந்திரத்துல ஒரு மணி நேரம் அரைச்சா 30லேருந்து 40 கிராம் தான் கிடைக்கும், வேகமா சுத்துனா சூடாகி வாசனை போயிடும்னு மெதுவா தான் ஓட்டுவாங்க.

சென்ச்சாவ அரைச்ச பொடியும் ஜப்பான்லயே விக்குது. கன்வேயர்ல தட்டு சுத்தி வர்ற சுஷி கடைங்கள்ல மேஜை மேலயே வெச்சிருப்பாங்க. வெந்நீர்ல கலக்கி குடிக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா மாட்சான்னு நெனச்சு வாங்குனீங்கன்னா ஏமாற்றமா இருக்கும்.

நிழல்ல வளர்த்தோம்னு எல்லா பாக்கெட்லயும் போட்டிருக்கான், அதுல அப்படி என்ன இருக்கு?

ருசியே அதுல தான் இருக்கு. டீ செடியோட வேர்ல தியனின்னு ஒரு பொருள் உருவாகி இலைக்கு ஏறும். அது தான் அந்த இதமான, நாக்குல நிக்கிற ருசிய குடுக்குது. வெயில் பட்டா அது கேட்டகினா மாற ஆரம்பிச்சிடும், கேட்டகின் தான் துவர்ப்பும் கசப்பும். நிழல் போட்டா அந்த மாற்றம் குறையுது, கூடவே செடி கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்த பிடிக்கிறதுக்காக பச்சையத்த நிறைய உருவாக்குது, அதனால தான் அந்த அடர் பச்சை. முன்னாடி நாணல் தட்டியும் வைக்கோலும் போட்டு மூடுவாங்க, இப்ப பெரும்பாலும் கறுப்பு வலை துணி தான்.

ஜப்பான்காரங்க எல்லாரும் தினமும் இத தான் குடிக்கிறாங்களா?

இல்லைங்க. வீட்லயும் ஆபீஸ்லயும் தினமும் ஓடறது சென்ச்சா, வறுத்த இலைல போடற ஹோஜிச்சா, பொரிச்ச அரிசி கலந்த கென்மைச்சா, வெயில் காலத்துல பார்லில போடற முகிச்சா, இல்லன்னா பாட்டில் டீ. மாட்சாவ தினமும் வீட்ல கலக்கி குடிக்கிறவங்க கம்மி தான், நிறைய பேருக்கு அது ஐஸ்கிரீம்லயும் கேக்லயும் தான் பழக்கம்.

பொடிய கலக்கி குடிக்கிற பழக்கம் சீனாலேருந்து வந்தது. எய்சாய்ங்கிற ஜென் துறவி 1191ல சீனாவுல படிச்சுட்டு திரும்பும்போது டீ விதைங்கள கொண்டு வந்தாருன்னு சொல்லுவாங்க, 1211ல டீ குடிச்சா உடம்புக்கு என்ன நல்லதுன்னு ஒரு நூலும் எழுதினாரு. சீனால அந்த பழக்கம் அப்புறம் மறைஞ்சு போச்சு, ஜப்பான் விடாம வெச்சுக்கிச்சு.

செரிமோனியல் க்ரேடு, பிரீமியம் க்ரேடு, குலினரி க்ரேடுன்னு போட்டிருக்கே, எத வாங்கறது?

இது தான் அதிகமா வர்ற கேள்வி, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். செரிமோனியல் க்ரேடுங்கிறதுக்கு ஜப்பான்ல அரசாங்க தரம்னு எதுவும் கிடையாது. யாரு வேணா எந்த டப்பால வேணா ஒட்டலாம். வெளிநாட்டுக்கு விக்கிறவங்க உண்டாக்குன பேரு அது. கியோட்டோ பக்கம் பழைய கடைங்கள்ல போனா ஒவ்வொரு கலவைக்கும் தனி பேர் வெச்சு, விலை வரிசைப்படி அடுக்கியிருப்பாங்க. இது கெட்டியா கலக்கற கோய்ச்சாவுக்கு, இது சாதாரணமா கலக்கற உசுச்சாவுக்கு, இது சமையலுக்குன்னு சொல்லுவாங்க, அவ்ளோ தான்.

தினசரிக்கு உசுச்சா வரிசைல கீழேருந்து ரெண்டாவது மூணாவது விலைல இருக்கறது போதும். ரொம்ப விலை ஒசந்தது எல்லாம் கோய்ச்சாவுக்கு செஞ்சது, தினமும் காலைல அவசரத்துல கலக்கறதுக்கு அது வேண்டாம். சமையல் வகைய மட்டும் தண்ணில கலக்கி குடிக்காதீங்க, பாலும் சர்க்கரையும் மாவும் தாண்டி ருசி தெரியணும்னு கசப்பா தேர்ந்தெடுத்தது அது.

உஜி மாட்சா தான் ஒரிஜினல்னு சொல்றாங்களே அக்கா?

உஜி கியோட்டோ பக்கத்துல இருக்கற ஊரு, பேரும் பெருமையும் அதுக்கு தான், பல நூறு வருஷமா அங்க டீ வெளையுது. ஆனா ஐச்சி மாகாணத்துல நிஷியோன்னு ஒரு ஊர் மாட்சாவுக்கே பேர் போனது, ஃபுகுவோகால யாமே இருக்கு, ஷிசுவோகா இருக்கு, கியூஷு தீவோட தெக்கு கோடில ககோஷிமா இருக்கு. இப்ப டெஞ்சா நிறைய வர்றது ககோஷிமாலேருந்து தான். தினசரி மாட்சாவுக்கு நிஷியோவும் ககோஷிமாவும் காசுக்கு நல்லா வரும்ங்கிறது என் அபிப்ராயம்.

ஊர் பேர விட செடி வகைய பாத்தீங்கன்னா ருசி இன்னும் நல்லா புரியும். ஒகுமிதோரி, சாமிதோரி, சாஎமிதோரின்னு பாக்கெட்ல இருந்தா அது அந்த செடி வகை பேரு. சாதாரணமா பல வகைய கலந்து தான் விப்பாங்க, வருஷா வருஷம் ருசி ஒரே மாதிரி இருக்கணும்னா கலந்தா தான் முடியும், அதனால கலவைன்னா மட்டம்னு நெனைக்காதீங்க.

கடைல நிக்கறேன், சீக்கிரம் சொல்லுங்க, பாக்கெட்ல என்ன பாக்கணும்?

மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாருங்க, மாட்சா மட்டும் தான் இருக்கணும். சர்க்கரை, பால் பவுடர் எல்லாம் இருந்தா அது லாட்டே மிக்ஸ், அதிகமா இருக்கறது தான் பட்டியல்ல மொதல்ல வரும், நிறைய பாக்கெட்ல சர்க்கரை தான் மொதல்ல நிக்குது. அடுத்து எந்த ஊர்ல வெளஞ்சதுன்னு இருக்கான்னு பாருங்க. அப்புறம் தேதி. அப்புறம் பேக்கிங், வெளிச்சம் உள்ள போற கண்ணாடி பாட்டில்லயோ ட்ரான்ஸ்பரன்ட் கவர்லயோ இருந்தா அழகா இருந்தாலும் வெச்சிட்டு வந்துடுங்க.

அளவு ரொம்ப முக்கியம். 20, 30, 40 கிராம் டப்பா தான் வாங்கணும். ஒரு கப்புக்கு 2 கிராம்னா 30 கிராம்ல 15 கப் வரும். தினமும் ஒரு கப் குடிக்கிற ஒருத்தருக்கு அது ரெண்டு வாரம். 100 கிராம் பாக்கெட் கிராமுக்கு விலை கம்மின்னு வாங்கி கடைசி பாதிய பழுப்பு நிறத்துல குடிக்கிறதுல லாபம் எதுவும் இல்ல. நல்ல கடையோட நடுத்தர மாட்சா சின்ன டப்பாவ வாங்கி சீக்கிரம் முடிச்சீங்கன்னா, திறந்து ரெண்டு மாசம் கிடந்த ஒசந்த மாட்சாவ விட நிச்சயமா நல்லா இருக்கும்.

வீட்டுக்கு வந்து திறந்தாச்சு. நல்லதா இல்லையான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

ஒரு வெள்ளை பேப்பர்ல துளி போட்டு விரலால இழுத்து பாருங்க. நல்லதா இருந்தா பச்சை பளிச்சுன்னு கோடு நீளமா, மழமழன்னு வரும், விரலுக்கு முகப்பவுடர் மாதிரி இருக்கும். மஞ்சள் அடிச்சாலோ பழுப்பா இருந்தாலோ பழசு, இல்லன்னா நிழல் பத்தாத இலை. நறநறன்னு இருந்தா அரைச்சது சரியில்ல. மோந்து பாத்தா பச்சை இலையோட இனிப்பான வாசனை வரணும், காஞ்ச வைக்கோல் வாசனை வந்தா அத பால்ல போட்டு தீத்துடுங்க.

அந்த மூங்கில் ப்ரஷ் கட்டாயமா வாங்கணுமா? ரொம்ப விலையா இருக்கே.

அது சாசென். ஒரே மூங்கில் துண்ட கீறி கீறி எழுபது எம்பது நூறு இழையா பிரிச்சு கையால செய்வாங்க. நாரா மாகாணத்துல இகோமா நகரத்துல இருக்கற தகாயாமாங்கிற இடம் இதுக்கு பேர் போனது. கட்டாயம் கிடையாது, ஆனா நீங்க ஒரே ஒரு சாமான் வாங்கறதா இருந்தா இத வாங்குங்கன்னு தான் சொல்லுவேன், பொடியையும் தண்ணியையும் இது கலக்கற மாதிரி வேற எதுவும் கலக்காது. மூங்கில் கரண்டி, பிரத்யேக கிண்ணம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அடி அகலமா இருக்கற கஞ்சி கிண்ணமே போதும்.

இல்லன்னா பேட்டரில ஓடற பால் நுரைக்கிற ஃப்ராதர் நல்லா வேலை செய்யும், நுரை மட்டும் கொஞ்சம் பெருசு பெருசா இருக்கும். இறுக்கமா மூடற பாட்டில்ல போட்டு குலுக்கலாம், ஆனா அது பச்ச தண்ணிக்கு மட்டும், வெந்நீர் ஊத்தி குலுக்குனா மூடி தெறிச்சிடும். டீஸ்பூனால கலக்குனா கலங்காது, அடியில தங்கிடும்.

சரி, ஒரு கப் எப்படி போடறது? அளவோட சொல்லுங்க.

2 கிராம் பொடி, 70 மில்லி தண்ணி. மூங்கில் கரண்டில ரெண்டு தடவை, டீஸ்பூன்ல தலை தட்டி ஒண்ணு. மொதல்ல சாசென்னோட நுனிய வெந்நீர்ல ஒரு நிமிஷம் நனைய விடுங்க, காஞ்ச மூங்கில் அப்படியே அடிச்சா ஒடஞ்சிடும். அந்த தண்ணியாலயே கிண்ணத்தையும் சூடாக்கிட்டு கொட்டிட்டு, துணியால ஈரம் இல்லாம தொடச்சிடுங்க. பொடிய டீ வடிகட்டில போட்டு கரண்டி முதுகால தேச்சு கிண்ணத்துக்குள்ள சலிச்சுடுங்க. ஒரு டீஸ்பூன் அளவு தண்ணி மட்டும் விட்டு குழைங்க, பளபளன்னு விழுதா வரும், அதுக்கப்புறம் மிச்ச தண்ணிய ஊத்துங்க.

இப்ப சாசென்ன நேரா பிடிச்சு, கிண்ணத்தோட அடியில அழுத்தாம, மணிக்கட்ட மட்டும் ஆட்டி முன்னும் பின்னும் வேகமா அடிங்க. வட்டமா சுத்தாதீங்க. பதினஞ்சு இருவது செகண்ட்ல மேல நுரை கட்டும், அப்ப சாசென்ன கொஞ்சம் மேல தூக்கி மெதுவா ஆட்டுனா பெரிய குமிழெல்லாம் ஒடஞ்சு சின்னதாயிடும். ஒடனே குடிச்சிடுங்க, இது கரையற பொருள் இல்ல, அஞ்சு நிமிஷம் வெச்சா அடியில இறங்கிடும்.

தண்ணி எவ்ளோ சூடு? எங்கிட்ட தெர்மாமீட்டர் எல்லாம் இல்ல.

70லேருந்து 80 டிகிரி. தெர்மாமீட்டர் வேண்டாம், ஜப்பான் வீடுங்கள்ல செய்யற மாதிரி செய்யுங்க: கொதிச்ச தண்ணிய ஒரு கப்புக்கு மாத்துங்க, அதுலேருந்து இன்னொரு கப்புக்கு மாத்துங்க. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் ஏறக்குறைய பத்து டிகிரி இறங்கும், ரெண்டு தடவை ஆத்துனா போதும். டீ ஆத்த தெரிஞ்ச நம்ம கைக்கு இது ஒரு விஷயமே இல்ல.

தண்ணியோட தன்மையும் பாக்கணும். ஜப்பான் தண்ணி பெரும்பாலும் மென்மையானது, டீ அதுக்கு ஏத்த மாதிரி தான் கலக்கப்படுது. உப்பு தண்ணி வர்ற ஏரியால இருந்தீங்கன்னா போர் தண்ணில போடாதீங்க, நிறம் மங்கி ருசி சப்புன்னு ஆயிடும். ஆர்ஓ தண்ணி போதும், மினரல் வாட்டர்னா மினரல் கம்மியா இருக்கறதா பாத்து எடுங்க.

நீங்க சொன்ன மாதிரி தான் பண்ணேன், ஆனா நுரையே வரல.

மூணு காரணம் பாருங்க. தண்ணி அதிகமா ஊத்தியிருப்பீங்க, 150 மில்லி ஊத்துனா நுரை கட்டறது கஷ்டம், மொதல்ல 70ல அடிச்சு நுரை வந்ததும் மேல தண்ணி சேத்துக்கலாம். இல்லன்னா மணிக்கட்டுக்கு பதிலா முழு கையும் ஆட்டியிருப்பீங்க, வேகம் வந்திருக்காது. இல்லன்னா பொடி பழசு. சமையல் வகையும் சரியா நுரைக்காது.

ஆனா நுரைய பத்தி ரொம்ப கவலைப்பட வேண்டாம். டீ செரிமனிலயே உராசென்கே பள்ளி முழுசா நுரை கட்ட அடிக்கும், ஒமோதேசென்கே பள்ளி கொஞ்சமா தான் நுரை வைக்கும், பச்சை மேல தெரியணும் அவங்களுக்கு. ரெண்டுமே 16ம் நூற்றாண்டுல வாழ்ந்த சென் நோ ரிக்யூங்கிற டீ குருவோட வழில வந்தது தான். கட்டி இல்லாம இருக்கணும், அது போதும்.

கசப்பு தாங்கல. பழகிடும்ங்கிறாங்க, நெஜமாவா?

பழகறதுக்கு முன்னாடி தப்ப திருத்துங்க. கொதிக்கிற தண்ணி ஊத்தியிருந்தா கசப்பு மட்டும் தான் மேல வரும், சூட்ட மேல சொன்ன மாதிரி இறக்குங்க. அப்பயும் கசந்தா பொடிய ஒன்றரை கிராமா குறைங்க. அப்பயும் கசந்தா அது சமையல் வகையா பழசான்னு அந்த வெள்ளை பேப்பர்ல பாருங்க. எல்லாம் சரியா இருந்தும் பிடிக்கலன்னா மொதல்ல ஒரு இனிப்ப சாப்ட்டுட்டு குடிச்சு பாருங்க. ஜப்பான்ல அப்படித்தான், பயறு விழுது வெச்ச இனிப்பு மொதல்ல வரும், அது நாக்குல இருக்கும்போதே டீ வரும். சின்ன துண்டு பாசிப்பருப்பு உருண்டை சாப்ட்டு பாருங்க, அருமையா பொருந்தும்.

பால் ஊத்தினா பாவமா? சர்க்கரை போடலாமா?

தாராளமா. ஜப்பான்லயே காபி கடைங்கள்ல மாட்சா லாட்டே விக்கிறாங்க. பாலுக்கு 3 கிராம் எடுத்து 40 மில்லி வெந்நீர்ல அடிச்சு, அதுக்கு மேல பால் ஊத்துங்க. பொடிய நேரா பால்ல போடாதீங்க, திட்டு திட்டா மெதக்கும். இங்க விலை கம்மியான, கொஞ்சம் கசப்பான மாட்சா தான் பொருத்தம், நல்ல உசுச்சா மாட்சாவ பால்ல போட்டா அந்த மெல்லிய ருசி காணாம போயிடும். ஐஸ் போட்டு குடிக்கவும் இதே மாதிரி கொஞ்சம் வெந்நீர்ல அடிச்சுட்டு ஐஸ்ல ஊத்துங்க. எருமைப்பால் மட்டும் எனக்கு பிடிக்கல, கொழுப்பு டீய மூடிடுது.

ஃப்ரிட்ஜ்ல வெக்கணுமா? எங்க வீட்ல மீன் குழம்பு பக்கத்துல தான் இடம் இருக்கு.

அந்த கவலை நியாயம் தான், மாட்சா பக்கத்துல இருக்கற வாசனைய இழுத்துக்கும். டப்பாவ நல்லா மூடி ஒரு ஜிப் கவர்ல போட்டு வைங்க. நம்ம ஊர் சூட்டுக்கு ஃப்ரிட்ஜ் வேணும் தான். வெளிச்சம், காத்து, சூடு, ஈரம் நாலும் இதுக்கு ஆகாது. பிரிக்காத டப்பாவ ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்தா ஒடனே திறக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வர விட்டு திறங்க, இல்லன்னா காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்த பொடி மேல படிஞ்சு கட்டியாயிடும். திறந்தத ஒரு மாசத்துக்குள்ள முடிக்க பாருங்க.

சாசென்ன சோப்பு போட்டு கழுவாதீங்க, வெந்நீர்ல அலசி உதறி காத்துல காய வைங்க. மூடுன ட்ராயர்ல ஈரத்தோட போட்டா மழைக்காலத்துல பூஞ்சை வந்துடும், வந்தா தூக்கி போட்டுடுங்க.

தேதி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, குடிச்சா ஏதாவது ஆகுமா?

காஞ்சு இருந்து, பூஞ்சையோ ஊசுன வாசனையோ இல்லன்னா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, ருசி தான் போயிருக்கும். கேக், குக்கீஸ், லஸ்ஸி எதுலயாவது போட்டு தீத்துடுங்க.

மே மாசம் பறிச்ச புது மாட்சா தான் பெஸ்ட்டா?

மொதல் பறிப்பு நல்லதுங்கிறது சரி, ஏப்ரல் கடைசிலேருந்து மே வரைக்கும் பறிக்கிறது. ஆனா பறிச்ச ஒடனே குடிக்கிறது தான் உசத்தின்னு சொல்ல முடியாது. பழைய வழக்கத்துல டெஞ்சாவ ஜாடில அடைச்சு சீல் வெச்சு கோடை முழுக்க விட்டு, நவம்பர்ல தான் திறந்து அரைப்பாங்க, பச்சை நெடி அடங்கி ருசி உருண்டு வரும். அதனால இலை எப்ப பறிச்சதுங்கிறத விட எப்ப அரைச்சதுங்கிறது முக்கியம், இலையா இருக்கும்போது தாங்கும், பொடியாயிட்டா தாங்காது.

ஆர்கானிக் வாங்குனா இன்னும் நல்லதா?

இலைய முழுசா குடிக்கிறதால நிறைய பேருக்கு அந்த நிம்மதி வேணும், அது சரி தான், வாங்குங்க. ருசி மட்டும் வேற மாதிரி இருக்கும்னு தெரிஞ்சுக்கங்க. அந்த தியனின் உருவாக நைட்ரஜன் உரம் நிறைய வேணும், இயற்கை உரத்துல அது அவ்ளோ சுலபமா வராது, அதனால ஆர்கானிக் மாட்சா பெரும்பாலும் இலேசா, கொஞ்சம் துவர்ப்பா இருக்கும். லாட்டேக்கு நல்லாவே பொருந்தும்.

காபிய விட்டுட்டு இதுக்கு மாறினா தூக்கம் வருமா? கர்ப்பமா இருக்கறவங்க குடிக்கலாமா?

இதுலயும் காஃபீன் இருக்குங்க, அத மறந்துடறாங்க. ஜப்பான் அரசு உணவு அட்டவணைப்படி 100 கிராம் மாட்சால 3.2 கிராம் காஃபீன், அதாவது 2 கிராம் கப்புக்கு 64 மில்லிகிராம். அதே அட்டவணைல 100 மில்லி காபிக்கு 60. ஆக ஒரு சின்ன கப் காபி அளவு. லாட்டேக்கு 3 கிராம் போட்டா 96. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல காபி ஆகாதுன்னா இதுவும் ஆகாது. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஐரோப்பிய உணவு பாதுகாப்பு அமைப்பு சொல்ற எல்லை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம், காபி டீ சாக்லேட் எல்லாம் சேத்து தான் அந்த கணக்கு, உங்க டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்க.

எடை குறையும், கேன்சர் வராதுன்னு எல்லாம் வீடியோ வருதே?

ருசிக்காக குடிங்க. சர்க்கரை போட்ட டீக்கு பதிலா இத வெறும் தண்ணில குடிச்சா அந்த சர்க்கரை குறையும், அது நிஜமான லாபம். அதுக்கு மேல மருந்து மாதிரி நம்பாதீங்க. எடை குறைக்க க்ரீன் டீ சாறு மாத்திரை விக்கிறாங்க, அது வேற விஷயம், அந்த சாறுல இருக்கற ஈஜிசிஜிங்கிற கேட்டகின் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமுக்கு போனா கல்லீரல் பாதிக்கலாம்னு அதே ஐரோப்பிய அமைப்பு 2018ல சொல்லியிருக்கு.

ரத்த சோகைக்கு மாத்திரை எடுக்கறேன், பரவால்லயா?

சாப்பாட்டோட சேத்து குடிக்காதீங்க. கீரை பருப்புலேருந்து கிடைக்கிற இரும்புச்சத்த உடம்பு எடுத்துக்கறத டீயோட துவர்ப்பு தடுக்கும், சைவம் சாப்பிடறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்ன பின்ன ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. ரத்தம் உறையாம இருக்க குடுக்கற வார்ஃபரின் மாத்திரை எடுக்கறவங்க கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும், இலைய முழுசா குடிக்கிறதால வைட்டமின் கே உள்ள போகுது, 2 கிராம்ல 58 மைக்ரோகிராம் போல, அது அந்த மருந்தோட வேலைய பாதிக்கும்.

இப்ப எங்க பாத்தாலும் ஸ்டாக் இல்லைங்கறான், விலையும் ஏறிடுச்சு. சீனா மாட்சா வாங்கலாமா?

2024 இலையுதிர்காலத்துலேருந்து கியோட்டோவோட பழைய கடைங்களான மாருக்யூ கோயாமாயென், இப்போடோ ரெண்டுமே ஒருத்தருக்கு இவ்ளோ தான்னு கட்டுப்பாடு போட ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டுல கேக்கறவங்க திடீர்னு பெருகிட்டாங்க, வெளைச்சல் அதே வேகத்துல பெருகாது. புதுசா செடி நட்டா முழு பறிப்புக்கு அஞ்சு வருஷம் போல ஆகும், விவசாயிங்களுக்கு வயசாகுது, மூடறதுக்கு பந்தல், காய வெக்கற அடுப்பு, அரைக்கிற கல்லு எல்லாமே மெதுவா தான் கூடும்.

சீனாலயும் மாட்சா நிறைய செய்யறாங்க, பாலுக்கும் பேக்கிங்குக்கும் அது தாராளமா போதும், சீனான்னு தெளிவா போட்டு அந்த விலைக்கு வித்தா வாங்குங்க. ஜப்பான் ஸ்டைல், ஜப்பானிய முறைன்னு பெருசா போட்டுட்டு எந்த ஊர்ல வெளஞ்சதுன்னு மட்டும் சொல்லாம இருந்தா வேண்டாம். தண்ணில கலக்கி குடிக்க ஜப்பான் டப்பா கிடைக்கலன்னா, கிடைக்கிற வரைக்கும் நல்ல சென்ச்சாவோ ஹோஜிச்சாவோ வாங்கி குடிங்க, அது ரெண்டும் விலை கம்மி, ஜப்பான் வீடுங்கள்ல தினமும் ஓடறதும் அது தான். பழைய டப்பாவ ரெண்டு மடங்கு விலைக்கு மறு விற்பனை பண்றவங்ககிட்ட மட்டும் வாங்காதீங்க, எந்த சூட்டுல எத்தன மாசம் இருந்துச்சுன்னு தெரியாது.